ஸ்டீவர்ட்ஷிப்: ‘பேணுகடன்’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் அறிக்கைகளில் வரும் ஸ்டீவர்ட்ஷிப் (stewardship), கம்யூனிட்டி என்கேஜ்மென்ட் (community engagement) ஆகிய இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேடுகிறோம் அல்லவா? அதில் எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘சூழல் மேலாண்மை’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

மேலாண்மை என்றால் ஆள்பவர் ஒருவர் இருப்பார். ஸ்டீவர்ட்ஷிப் அப்படிப்பட்டதன்று. தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைக் கெடாமல் வைத்திருக்கும் பொறுப்பு அது. எங்கள் சேலம் மாவட்டத்து வயல்களுக்கு வந்தால் இது விளங்கும். எண்ணெய், எரிவாயுக் குழாய் பதிப்பதற்கான 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனம் பெறுவது நிலத்தின் பயன்பாட்டு உரிமை மட்டுமே. பட்டா உழவர் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போகும் தடத்தில் அவர் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ மரம் வைக்கவோ கூடாது. அதற்கு இழப்பீடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. பயிர்ச் சேதத்துக்குத் தனி. தென்னையும் மாவும் வைத்துப் பிழைப்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்! கொச்சி–பெங்களூரு எரிவாயுக் குழாய்க்கு எதிராக 2013-இல் சேலம் உட்பட 7 மேற்கு மாவட்டங்களின் உழவர்கள் கொதித்தெழுந்தது சும்மா இல்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் திட்டத்துக்கு வழிவிட்டது. அதனால் நிலம் நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிடவில்லை.

ஆகவே என் பரிந்துரை ‘பேணுகடன்’. வினைத்தொகை என்பதால் பேணிய, பேணுகின்ற, பேணும் என முக்காலமும் அடங்கும். தொழிலும் அப்படித்தான் நடக்கிறது. தோண்டும்போது மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, மூடும்போது மேலேயே பரப்ப வேண்டும். தவறினால் அடியில் கிடந்த சுக்கான்கல் மேலே வந்து நிற்கும், அடுத்த போகத்தில் ஏர் ஓட்டுபவர் தலையில் அடித்துக்கொள்வார். பிறகு ஆண்டுக்கணக்கில் தடத்தை நடந்து பார்த்து மண்ணரிப்பையும் கசிவையும் கவனிக்க வேண்டும்.

> ‘கடன்’ என்றதும் வாசகர் வங்கியை நினைப்பார். ‘பேணாண்மை’ மேல்.

நினைக்கட்டுமே. ‘காலைக்கடன்’ என்று சொன்னால் யாரும் வட்டி கேட்பதில்லை. மேலும், கடன் என்றவுடன் ‘யாருக்கு?’ என்ற கேள்வி எழும். ‘பேணாண்மை’ அந்தக் கேள்வியை எழுப்பாது. நிறுவனங்களுக்கு அதுதான் வசதி.

இனி, கம்யூனிட்டி என்கேஜ்மென்ட். ‘மக்கள் தொடர்பு’ என்றால் செய்திக்குறிப்பு அனுப்பும் பிரிவாகிவிடும். ‘கருத்துக் கேட்பு’ சட்டம் கேட்கும் ஒருநாள் கூட்டம். எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளுக்கு அதுவும் தேவையில்லை என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், குழி வெட்டுமுன்பும் வெட்டிய பின்பும் ஊராரிடம் போய்க் கலந்து பேசுவதற்கு ‘ஊர் உசாவல்’ என்பேன். ‘உசாவல்’ பழஞ்சொல்தான், ஆனால் ‘உசாத்துணை’ இன்றும் புழங்குகிறதே.

‘ஊர் உசாவல்’ என்பதைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டிய இடங்களைப் பற்றி எழுதும் நண்பர்கள் இரண்டு சொற்களையும் ஒரு பத்தியில் இட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று தெரிவியுங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து ஓர் உறுப்பினர்