கிறிஸ்துமஸ் கிராமத்து அட்டை வீடுகள்: சுவர் வளைகிறது, வெளிச்சம் கசிகிறது

எடிசன் மீனா:
வணக்கம். நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். எதிர்வீட்டு அம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு போனபோது ஒரு பழைய தொப்பிப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். உள்ளே குட்டிக் குட்டி அட்டை வீடுகள், கூடவே ஒரு சர்ச். கூரையெல்லாம் ஜிகினா, ஜன்னலில் சிவப்புக் கண்ணாடித்தாள், முன்னால் வேலி. ஒவ்வொன்றின் பின்சுவரிலும் வட்டமாக ஓர் ஓட்டை. அடியில் ஆங்கிலத்தில் ‘ஜப்பான்’ என்று முத்திரை.

என் மகளுக்கு இதே மாதிரி புதிதாகச் செய்ய ஆசை. காலை உணவுச் சீரியல் (கார்ன்ஃபிளேக்ஸ் மாதிரி) டப்பா அட்டையில் ஆரம்பித்தோம். பெயின்ட் அடித்ததும் சுவர் வில்லாக வளைகிறது. உள்ளே விளக்கு வைத்தால் ஜன்னலை விடச் சுவர்தான் பிரகாசமாக இருக்கிறது. எந்த அட்டை வாங்குவது? பழைய வீடுகளைப் புதுப்பிக்கலாமா?

ரோஸ்லின், பெத்லகேம் (பென்சில்வேனியா):
மீனா, உங்கள் கையில் இருப்பது பொக்கிஷம். 1920களின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை ஜப்பானில் செய்து இங்கே ஐந்து சென்ட், பத்து சென்ட் கடைகளில் விற்ற வீடுகள் இவை. போருக்குப் பிறகும் வந்தன. ஆக்கிரமிப்புக் கால ஜப்பான் (‘ஆக்குபைடு ஜப்பான்’) என்று முத்திரை இருந்தால் அது 1952க்குள் வந்தது. எங்கள் ஊர் மொரேவியன் சபையார் (ஒரு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினர்) பாசி, கல், மரப்பொம்மை வைத்துக் கிறிஸ்து பிறப்பை ஜோடிப்பதைப் புட்ஸ் என்பார்கள். அந்தப் பெயரே இந்த அட்டை வீடுகளுக்கும் ஒட்டிக்கொண்டது. 1741இல் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் பெயர் வைக்கப்பட்ட ஊர் இது. டிசம்பரில் ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், சபையின் பெரிய புட்ஸைப் பார்க்கலாம்.

இனி வேலைக்கு வருவோம். எல்லாரும் கூரையையும் சுவரையும் வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் விளக்கை எங்கே வைக்கலாம் என்று தேடுவார்கள். நீங்கள் விளக்கிலிருந்து தொடங்குங்கள். இந்த வீடுகள் பகலில் பார்க்கச் செய்தவை அல்ல. அந்தப் பின்சுவர் ஓட்டைதான் வீட்டின் உயிர். மரத்தைச் சுற்றிய சீரியல் லைட்டில் ஒரு பல்பை அதில் செருகுவார்கள். 120 வோல்ட்டுக்கு எட்டு பல்பு, ஒவ்வொன்றும் 15 வோல்ட். அவை நன்றாகச் சுடும். இப்போது எல்இடி தவிர வேறெதையும் உள்ளே விடாதீர்கள், பழைய வீடுகளிலும்தான். எல்இடி சரவிளக்கின் சின்ன பல்புக்கு அரை அங்குல ஓட்டை போதும். பேட்டரியில் எரியும் டீலைட் (குட்டி மெழுகுவர்த்தி மாதிரி விளக்கு) என்றால் அடி அட்டையில் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுப் பெரிய வட்டம் வெட்டி, விளக்கின் மேல் வீட்டைக் கவிழ்த்து வையுங்கள்.

விளக்கு முடிவானால் மற்றது தானாக வரும். சுவரில் வெளிச்சம் ஊடுருவுகிறதா? ஒட்டுவதற்கு முன்பே உட்பக்கம் முழுக்கக் கறுப்பு அடித்து, அதன் மேல் வெள்ளை அடியுங்கள். கறுப்பு கசிவை அடைக்கும், வெள்ளை வெளிச்சத்தை ஜன்னல் பக்கம் திருப்பும். இன்னொரு பலனும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் பட்டால் அந்தப் பக்க நார் ஈரத்தில் விரிந்து அட்டை வளையும். இரண்டு பக்கமும் அடித்துவிட்டால் இழுவை சமமாகிவிடும். உங்கள் இரண்டு தொல்லைக்கும் மருந்து ஒன்றுதான்.

அட்டை 1 மில்லிமீட்டர் கனம் போதும். எழுதும் பேடின் பின் அட்டை ஏறக்குறைய அந்தக் கனத்தில் இருக்கும். சீரியல் டப்பாவே வேண்டுமென்றால் இரண்டு தாள் ஒட்டிப் புத்தகக் கட்டின் கீழ் ஒரு ராத்திரி வையுங்கள். பார்சல் பெட்டி வேண்டாம், அதன் வரிகள் பெயின்டுக்கு மேலும் தெரியும். அட்டையை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளைகிற திசையில் மடிப்புக் கோடு போட்டால் விளிம்பு வெடிக்காது.

முதல் வீட்டுக்கு என் அளவு: முன்சுவர் அகலம் 3 அங்குலம், இறவாணம் (கூரையின் கீழ் விளிம்பு) வரை உயரம் இரண்டரை, உச்சி 4. பக்கச்சுவர் இரண்டரைக்கு இரண்டரை. கூரை 5க்கு 3, ஐந்து அங்குலத்தின் நடுவில் மடிப்பு. அடித்தட்டு ஐந்துக்கு நாலரை, முன்னால் வேலிக்கு இடம் விட்டு. கத்தியை அழுத்தாமல் நாலைந்து முறை இழுங்கள், முனை மழுங்கியதும் ஒடித்துவிடுங்கள். கத்தி வேலை உங்களுடையது. மகளிடம் கூரையையும் ஜிகினாவையும் கொடுங்கள்.

இவ்வளவு சின்ன வீட்டில் கதவு பொம்மையின் உயரத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று கவலைப்படவே வேண்டாம். பழைய வீடுகளில் சர்ச்சும் குடிசையும் சில நேரம் ஒரே உயரத்தில் இருக்கும். அதில்தான் அழகு.

தூத்துக்குடி ஆரோன்:
ரோஸ்லின் அக்கா சொன்ன உள்பக்கக் கறுப்பை இந்த வருஷமே குடிலில் செய்து பார்க்கிறேன். எங்கள் தெருவில் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் பெத்லகேம் ஊர் என்று ஒரு வரிசை வீடு வைப்போம். புத்தகம் பைண்டிங் செய்கிற கடையில் கிரே போர்டு கிடைக்கிறது. ஃபெவிகாலைத் தண்ணீர் கலக்காமல் மெலிசாகத் தடவினால் நன்றாகப் பிடிக்கும். பனிக்கு என்ன போடலாம் அக்கா? உப்பு தூவலாமா?

ரோஸ்லின், பெத்லகேம்:
உப்பு வேண்டாம் தம்பி. உங்கள் கடற்கரைக் காற்றில் ஈரத்தை இழுத்துக் கசியும். பசையில் சோடா மாவு கலப்பவர்களும் உண்டு, நாளாக ஆக மஞ்சளாகிவிடும். கெட்டியான வெள்ளை பெயின்டைக் கூரையில் தடித்துப் பூசி, காய்வதற்குள் மைக்காத் தூளை (அபிரகம்) தூவுங்கள். பழைய வீடுகள் பலவற்றின் மினுமினுப்பு மைக்காதான். பிளாஸ்டிக் ஜிகினா கண்ணைக் குத்தும். மைக்கா விளக்கு பட்டால் மட்டும் மின்னும்.

எடிசன் மீனா:
அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. இன்றைக்கே பேட் அட்டையில் தொடங்குகிறோம். பழைய வீடுகளில் ஒன்றில் ஜன்னல் தாள் கிழிந்திருக்கிறது. மரங்கள் ஏதோ நார் மாதிரி உதிர்கின்றன. என்ன செய்ய?

ரோஸ்லின், பெத்லகேம்:
அந்த நார் பீர்க்கங்காய்க் கூடு, நம் ஊரில் உடம்பு தேய்ப்போமே, அதேதான். சாயம் தோய்த்து வெட்டி மரமாக வைத்திருக்கிறார்கள். இங்கே லூஃபா என்று மருந்துக்கடையிலேயே கிடைக்கும். சாயம் போடாததாகப் பார்த்து வாங்கி, புது வீடுகளுக்குப் பச்சைச் சாயத்தில் முக்கி மரம் செய்துகொள்ளுங்கள்.

பழையதில் உதிர்ந்த துணுக்குகளை ஒரு கவரில் போட்டு அந்த வீட்டோடேயே வையுங்கள். பெயின்ட் அடிக்காதீர்கள், ஜிகினா சேர்க்காதீர்கள். ஈரத்துணியும் படக்கூடாது, சாயம் கரைந்து வந்துவிடும். மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும். ஜன்னலுக்குப் பின்சுவர் ஓட்டை வழியாக இடுக்கியால் புதுச் சிவப்புத் தாளை உள்ளே விட்டு, நான்கு மூலையில் மட்டும் ஒரு துளி கோதுமைப் பசை வையுங்கள். பிறகு யாராவது எடுக்க நினைத்தால் எடுக்க வர வேண்டும். பழைய தாளைக் கிழித்து வெளியே எடுக்க வேண்டாம், புதியது அதன் பின்னாலேயே இருக்கட்டும்.