அமெரிக்கா வந்த புதுசுல பேங்க் அக்கவுண்ட்டுக்கு கிரெடிட் கார்டுல பணம் போடலாமா? போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

வணக்கம் மக்களே. இந்த மாசம் மட்டும் மூணு பேர் இதே கேள்வியை கேட்டுட்டாங்க, அதனால ஒரே இடத்துல எழுதிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

ஆன்லைன்ல புது அக்கவுண்ட் ஓப்பன் பண்றப்போ கடைசிப் பக்கத்துல முதல் டெபாசிட் எப்படி போடப்போறீங்கன்னு கேக்கும். பெரிய பேங்க்ல பெரும்பாலும் வேற பேங்க் அக்கவுண்ட், இல்லைன்னா டெபிட் கார்டு, அவ்வளவுதான். சில சின்ன பேங்க், கிரெடிட் யூனியன்ல (மெம்பர்களே சொந்தக்காரங்களா நடத்துற கூட்டுறவு பேங்க் மாதிரி) மட்டும் கிரெடிட் கார்டுன்னும் ஒரு ஆப்ஷன் இருக்கும். வந்து ரெண்டு மூணு மாசம் ஆன ஆளுக்கு அதைப் பாத்ததும், சரி 500 டாலர் இதுலயே போட்டுடலாம், பாயிண்ட்டும் வரும், பில் வர்றப்போ அதே பணத்தை எடுத்து கட்டிடலாம், நமக்கு என்ன நஷ்டம்னுதான் தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

நான் டெக்சாஸ் வந்து நாலாவது மாசம், வீட்டுப் பக்கத்துல இருந்த ஒரு கிரெடிட் யூனியன்ல அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி, 1.5% கேஷ்பேக் தர்ற கார்டுல 500 டாலர் போட்டேன். ஏழரை டாலர் வரும்னு கணக்கு. ஆப்ல பாத்தா சாதாரண செலவு மாதிரியேதான் ரெண்டு நாள் பெண்டிங்ல (இன்னும் கணக்குல முழுசா ஏறாம) இருந்துச்சு, நானும் மறந்துட்டேன். ஸ்டேட்மென்ட் வந்தப்போ பாத்தா கீழ தனியா ஒரு வரி, கேஷ் அட்வான்ஸ் (கார்டு மேல ரொக்கமா கடன் வாங்குறது) ஃபீ 25 டாலர். அதுக்குக் கீழ வட்டி கிட்டத்தட்ட 10 டாலர். கேஷ்பேக் சுத்தமா இல்லை. சரி போகுதுன்னு மொத்தத்தையும் கட்டி முடிச்சேன், அடுத்த மாசம் நான் அந்த கார்டைத் தொடவே இல்லை, ஆனா 4 டாலர் சொச்சத்துக்கு இன்னொரு பில் வருது. ஸ்டேட்மென்ட் போட்ட நாளுக்கும் நான் பணம் கட்டுன நாளுக்கும் நடுவுல இருந்த பத்து நாள் வட்டி அது. நல்லவேளை அந்த மெயிலை திறந்து பாத்தேன், பாக்காம விட்டிருந்தா 4 டாலருக்காக லேட் ஃபீயும் விழுந்து, அப்படியே ஒரு மாசத்துக்கு மேல கிடந்திருந்தா அப்பத்தான் ஆரம்பிச்ச கிரெடிட் ஹிஸ்டரியில முதல் கறையும் விழுந்திருக்கும்.

ஏன் இப்படி ஆச்சுன்னு அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். கார்டு தேய்க்குற ஒவ்வொரு இடத்துக்கும் நாலு இலக்கத்துல ஒரு கோடு இருக்கும், மளிகைக்கு ஒண்ணு, பெட்ரோலுக்கு ஒண்ணு. பேங்க்ல கார்டு போட்டா அது 6012-ன்னு போகலாம், 6010-ன்னோ 6051-ன்னோவும் போகலாம். 6010 பேங்க் கவுண்டர்ல கார்டு குடுத்து பணம் வாங்குறதுக்கு, 6051 பணத்துக்குச் சமமான பொருள் வாங்குறதுக்கு, இந்த ரெண்டும் பெரும்பாலும் கேஷ் அட்வான்ஸாத்தான் போகும். 6012 பேங்க்ல வாங்குற சேவைக்கான கோடு, இதை உங்க கார்டு கம்பெனி சாதாரண பர்ச்சேஸாவும் எடுத்துக்கலாம், கேஷ் அட்வான்ஸாவும் எடுத்துக்கலாம். அதாவது பணம் வாங்குற பேங்க் எந்த கோடு போடுது, உங்க கார்டு அதை எப்படிப் பாக்குது, ரெண்டும் சேந்துதான் முடிவாகுது, அதனாலதான் உங்க ஃப்ரெண்டுக்கு ஒண்ணும் ஆகாம போனது அதே பேங்க்ல உங்களுக்கு ஃபீயோட வரும். "நான் போட்டேன், நல்லா வேலை செஞ்சுது"ன்னு யாராவது சொன்னா அவர் எந்த கார்டு போட்டார், எந்த மாசம் போட்டார்னு கேளுங்க, சும்மா நம்பாதீங்க.

கேஷ் அட்வான்ஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஊர்ல கிரெடிட் கார்டை ஏடிஎம்ல சொருகி பணம் எடுத்தா என்ன ஆகுமோ அதேதான். பொதுவா 5% இல்லைன்னா 10 டாலர், எது அதிகமோ அது ஃபீ. வட்டி பெரும்பாலும் வருஷத்துக்கு 30% பக்கம். பர்ச்சேஸுக்கு கிடைக்குற அந்த மூணு வார சலுகை நாள் கிடையாது, அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுடும். 500 டாலருக்கு ஒரு நாளைக்கு 41 சென்ட். சின்ன தொகைதானேன்னு விடாதீங்க, அந்தக் குறைஞ்சபட்சம் 10 டாலர்ங்கிறது சின்ன தொகையிலதான் ரொம்ப வலிக்கும். என்கூட வேலை பாக்குற ஒரு பொண்ணு கிரெடிட் யூனியன்ல மெம்பர் ஆகுறதுக்கு ஷேர் சேவிங்ஸ்ல (அங்க சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு அதான் பேரு) போட வேண்டிய 5 டாலர், வெறும் 5 டாலர், அதை கார்டுல போட்டா. ஃபீ 10 டாலர். போட்டதைவிட ரெண்டு மடங்கு. அவ அழாத குறைதான், பணத்துக்காக இல்லை, வந்த புதுசுல எல்லாத்துலயும் ஏமாந்துட்டே இருக்கோமேன்னு ஒரு எண்ணம் வருமே, அது.

அப்படியும் கார்டுலதான் போடணும்னா என்ன பண்ணலாம்? முதல்ல உங்க கார்டு அக்ரிமெண்ட்ல வட்டி, ஃபீ எல்லாம் ஒரு கட்டத்துக்குள்ள போட்டிருப்பாங்க, 1988-ல வந்த சட்டத்துனால கட்டாயமா போட வேண்டிய டேபிள் அது, ஷூமர் பாக்ஸ்னு சொல்லுவாங்க, அதுல கேஷ் அட்வான்ஸ் வரியைப் படிங்க. அப்புறம் கார்டு பின்னாடி இருக்குற நம்பருக்கு கூப்பிட்டு, என் கேஷ் அட்வான்ஸ் லிமிட்டை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைச்சிடுங்கன்னு கேளுங்க. மொத்த கிரெடிட் லிமிட் 3000 இருந்தா அதுக்குள்ள கேஷ் அட்வான்ஸுக்குன்னு தனியா 600, 700-ன்னு ஒரு லிமிட் இருக்கும், அதைத்தான் குறைக்கச் சொல்றோம். சில கம்பெனி ஜீரோவே பண்ணிடும், சிலது 100 டாலருக்குக் கீழ இறக்காது. குறைச்சதுக்கு அப்புறம் அந்த லிமிட்டுக்கு மேல உள்ள தொகையை போட்டா, அது கேஷ் அட்வான்ஸா போனா பெரும்பாலும் டிக்ளைன் ஆயிடும், பர்ச்சேஸா போனா மட்டும் உள்ள போகும். லிமிட் 100 இருக்குறப்போ 50 டாலர் போட்டுப் பாக்காதீங்க, அது தாராளமா கேஷ் அட்வான்ஸா உள்ள போயிடும். இந்த ஒரு ஃபோன் காலை அக்கவுண்ட் ஓப்பன் பண்ணாதவங்களும் பண்ணி வெச்சிடுங்க, நமக்கு இங்க கேஷ் அட்வான்ஸ் எதுக்குமே தேவைப்படாது.

ஊர்ல இருந்து கொண்டு வந்த கார்டைப் போடலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. வேண்டாம். முதல் விஷயம், பெரும்பாலும் அது வேலையே செய்யாது. பில்லிங் அட்ரஸ்ல ஜிப் கோடு அஞ்சு இலக்கம்தான் எடுக்கும், நம்ம கோயம்புத்தூர் பின்கோடு 641-ல ஆரம்பிச்சு ஆறு இலக்கம், கடைசி நம்பரை அடிச்சா பெட்டிக்குள்ள விழாது. இங்க உள்ள அட்ரஸைப் போட்டா கார்டுல பதிவான அட்ரஸோட ஒத்து வராது, ரிஜெக்ட் ஆகும். ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணினா அப்ளிகேஷனையே ஃபிராடு செக்குக்கு தள்ளிவிட்டுடுவாங்க. ரெண்டாவது, தப்பித்தவறி வேலை செஞ்சாலும் நம்ம ஊர் கார்டுல வெளிநாட்டுச் செலவுக்கு பொதுவா 3.5% மார்க்கப் (வெளிநாட்டுப் பணத்துக்கு பேங்க் மேல போடுற கட்டணம்), அது மேல 18% ஜிஎஸ்டி, ஆக 4.13%. 500 டாலருக்கு 20 டாலருக்கு மேல, ஒண்ணுமே வாங்காம. அதுவும் கேஷ் அட்வான்ஸா விழுந்தா அந்த ஃபீ தனி, மாசத்துக்கு 3.5% பக்கம் வட்டி தனி. இன்னொண்ணு, 2020-ல இருந்து புது கார்டுங்கள்ல இன்டர்நேஷனல் யூஸேஜ் ஆஃப்லதான் வரும், ஆப்ல நாமளேதான் ஆன் பண்ணணும், ஓடிபி வந்தா ஊர் சிம்முக்கு வரும். கிளம்புறதுக்கு முன்னாடியே ஆன் பண்ணி வெச்சுக்கோங்க, ஹோட்டலுக்கு, சாப்பாட்டுக்கு, அவசரத்துக்கு. பேங்க்ல பணம் போட இல்லை.

அப்போ புதுசா வந்தவங்க முதல் டெபாசிட்டுக்கு என்னதான் பண்றது? என் கருத்து, ஆன்லைனை விட்டுட்டு நேரா பிராஞ்சுக்கு போங்க. பாஸ்போர்ட், விசா, ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள வந்ததுக்கான பதிவு) பிரிண்ட், ஆஃபர் லெட்டர், வீட்டு லீஸோ ஹோட்டல் பில்லோ ஏதாவது ஒரு அட்ரஸ், இதோட போனா பல பெரிய பேங்க்ல எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) வர்றதுக்கு முன்னாடியே ஓப்பன் பண்ணிக் குடுத்துடுவாங்க. எஸ்எஸ்என்னுக்கு, வந்து பத்து நாள் கழிச்சு அப்ளை பண்ணுங்கன்னுதான் சோஷியல் செக்யூரிட்டி ஆஃபீஸே சொல்லுது, அதுக்கப்புறம் கார்டு தபால்ல வரணும், அதுவரைக்கும் அக்கவுண்ட் இல்லாம இருக்க முடியாது. ஊர்ல இருந்து கிளம்புறப்போ ஒரு பயணத்துக்கு 3000 டாலர் வரைக்கும் நோட்டா வாங்கிட்டு வரலாம், அதுல 100 டாலர் எடுத்து கவுண்டர்ல குடுத்தா முடிஞ்சுது, ஃபீயும் இல்லை வட்டியும் இல்லை. அக்கவுண்ட் நம்பர் கையில வந்ததும் ஊர்ல இருக்குற வீட்டுல யாரையாவது அவங்க பேங்க்ல இருந்து உங்க பேருக்கே வயர் அனுப்பச் சொல்லலாம், எல்ஆர்எஸ் (இந்தியாவுல இருக்கவங்க வெளிநாட்டுக்கு பணம் அனுப்ப ரிசர்வ் பேங்க் வெச்சிருக்குற திட்டம்) கீழ அவங்க பான் கார்டும், பேங்க்ல குடுக்குற ஏ2 ஃபார்மும் குடுத்து. 2025 ஏப்ரல்ல இருந்து ஒரு நிதியாண்டுல 10 லட்சம் ரூபா தாண்டினாத்தான் டிசிஎஸ் (அனுப்புறப்பவே பேங்க் பிடிக்குற வரி) பிடிப்பாங்க, முதல் மாச செலவுக்கு அனுப்புறதுக்கு அவ்வளவு போகாது.

ரெண்டாவது அக்கவுண்ட் ஓப்பன் பண்றவங்களுக்கு இன்னும் சுலபம், முதல் அக்கவுண்ட்டோட ரவுட்டிங் நம்பரும் (நம்ம ஊர் ஐஎஃப்எஸ்சி மாதிரி) அக்கவுண்ட் நம்பரும் குடுத்தா போதும். சில இடத்துல 17 சென்ட், 32 சென்ட்னு ரெண்டு சின்ன டெபாசிட் போட்டு, அந்தத் தொகையை நீங்க திருப்பி டைப் பண்ணணும், ரெண்டு மூணு நாள் ஆகும், காசு எதுவும் போகாது. இந்த மூணு நாள் பொறுமை இல்லாமத்தான் அன்னிக்கு நான் கார்டை எடுத்தேன்.

போனஸுக்காக பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. புது அக்கவுண்ட்டுக்கு 200, 300 டாலர் போனஸ்னு விளம்பரம் வரும், அதுக்கு பெரும்பாலும் சம்பளம் டைரக்ட் டெபாசிட்டா (கம்பெனியே நேரா அக்கவுண்ட்ல போடுறது) விழணும், கார்டுல போட்ட பணம் அந்தக் கணக்குல சேராது. போனஸுக்கு வரியும் உண்டு, வட்டி வருமானம் மாதிரி 1099-ஐஎன்டி ஃபார்ம் வரும். அதோட, புதுசா எடுத்த கார்டுக்கு லிமிட்டே 500-தான் இருக்கும், அதுல 500-ஐயும் பேங்க்ல போட்டுட்டா ஸ்டேட்மென்ட் அன்னிக்கு லிமிட் மொத்தமும் கடனா ரிப்போர்ட் ஆகும். ஃபைகோ ஸ்கோர்ல (நம்ம ஊர் சிபில் ஸ்கோர் மாதிரி) 30% எவ்வளவு கடன் நிக்குதுங்கிறதை வெச்சுத்தான், அந்த ஸ்கோரும் வர்றதுக்கே ஆறு மாசம் ஆகும், அந்த நேரத்துல அப்பார்ட்மென்ட்டோ கார் லோனோ பாத்துட்டு இருக்கவங்க தயவு செஞ்சு இதுல விளையாடாதீங்க.

இன்னொரு விஷயமும் இதே குடும்பம்தான். கார்டு கம்பெனி தபால்ல உங்க பேர் அச்சடிச்ச செக் அனுப்புவாங்க, அதை எழுதி அக்கவுண்ட்ல போட்டுக்கலாம்னு. அது சும்மா வர்ற பணம் இல்லை, அதுக்கும் ஃபீ உண்டு, வட்டியும் உண்டு, கூட வர்ற தாளைப் படிக்காம தொடாதீங்க, வேண்டாம்னா கிழிச்சுப் போடுங்க. அப்புறம் வாட்ஸ்அப்ல "உங்க கார்டு லிமிட்டை கேஷா மாத்தித் தர்றோம், 3% மட்டும்"னு யாராவது வந்தா, அவர் நம்ம ஊர்க்காரரா இருந்தாலும், தமிழ்ல அண்ணே தம்பின்னு பேசினாலும், கார்டு நம்பரைக் குடுக்காதீங்க.

கடைசியா, ஒரு தம்பி கேட்டிருந்தான், "அண்ணா நேத்துதான் 1000 டாலர் கார்டுல போட்டுட்டேன், இப்போ என்ன பண்றது"ன்னு. தம்பி, பயப்படாத. இன்னிக்கே ஆப்ல பாரு, கேஷ் அட்வான்ஸ் பேலன்ஸ்னு தனியா ஏதாவது ஏறியிருக்கான்னு. ஏறலைன்னா பர்ச்சேஸா போயிருக்கலாம், போஸ்ட் ஆகுறவரைக்கும் (கணக்குல முழுசா ஏறுறவரைக்கும்) தினமும் பாத்துட்டே இரு. ஏறியிருந்தா ஸ்டேட்மென்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காத, அந்த 1000-ஐயும் ஃபீயையும் உடனே கட்டிடு, ஒவ்வொரு நாளும் 80 சென்ட்டுக்கு மேல ஓடிட்டிருக்கு. கார்டுல வேற செலவும் நிக்குதுன்னா, மினிமம் தொகைக்கு மேல நீ கட்டுறது அதிக வட்டி உள்ள பாக்கிக்குத்தான் முதல்ல போகணும்னு 2009 கார்டு சட்டம் சொல்லுது, அதனால மினிமத்தோட நிறுத்தாம முடிஞ்ச அளவுக்கு அதிகமா கட்டு. கட்டிட்டு கஸ்டமர் கேருக்கு கூப்பிட்டு, நான் நாட்டுக்குப் புதுசு, இது டெபாசிட்னு நெனச்சேன், கேஷ் அட்வான்ஸ்னு தெரியாது, ஒரு தடவை ஃபீயை திருப்பித் தர முடியுமான்னு பணிவா கேளு. முடியாதுன்னு சொன்னா அடுத்த நாள் வேற ஆள்கிட்ட கேளு, எனக்கு ரெண்டாவது காலில்தான் 25 டாலர் திரும்ப வந்துச்சு. அந்த கார்டை உடனே பீரோவுல வெச்சு மறந்துடாத, அடுத்த ரெண்டு ஸ்டேட்மென்ட்டையும் திறந்து பாரு, வட்டி வரியில ஜீரோ வர்ற வரைக்கும்.