வார இறுதிக் காருக்கும் ஆட்டோகிராஸுக்கும் அலாய் வீல்: எதைப் பார்த்து எடுத்தீங்க?

போலோ 1.2 டிஎஸ்ஐ, கோவை

வாரம் பூரா ஷெட்டுல நிக்கிற கார்ங்க. ஞாயித்துக்கிழமை வால்பாறை, ஊட்டின்னு ஒரு ஓட்டு. ஆட்டோகிராஸ் (சின்னத் தடத்துல நேரம் பார்த்து ஓட்டற போட்டி) வந்தா அதுக்கும் இதேதான். ரெண்டு வேலைக்கும் சேர்த்து வீல் மாத்தினவங்க எதைப் பார்த்து எடுத்தீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க. முதல்ல நான் எடுத்த கதை.

எந்தக் கடைக்குப் போனாலும் 17 இஞ்சைத்தான் முன்னால கொண்டாந்து வெக்கிறாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கு. நான் எடுத்தது 15 இஞ்ச், 7ஜே (7 இஞ்ச்) அகலம், ஈடி 38. ஈடின்னா ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து ஹப்புல (வீல் உக்கார்ற மையம்) ஒட்டற முகம் எத்தனை மி.மீ. வெளிய தள்ளி இருக்குங்கறது. அதை முடிவு பண்ணது டயர்தானுங்க. 2020 ஜூன்ல டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததுல இருந்து, நல்ல பிடிப்பு இருக்கற டயரு நெனைச்ச சைஸ்ல எல்லாம் கெடைக்கறதில்ல. அதனால அலாய் கடைக்கு முன்னாடி டயர் கடைக்குப் போனேன். எந்த சைஸ்ல பிடிச்ச டயர் கைக்கு வருதோ, அதுக்குத் தக்க ரிம். எனக்கு வந்தது 195/55 R15 (அகலம் 195 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதுல 55 சதவீதம், ரிம் 15 இஞ்ச்). கம்பெனி டயர் 185/60 R15. உயரத்துல 8 மி.மீ. கூட வித்தியாசம் இல்ல, ஸ்பீடோமீட்டரும் கிட்டத்தட்ட சரியாவே காட்டுது.

அடுத்தது ஈடி கணக்கு. பழைய ரிம்ல 6ஜே, ஈடி 40ன்னு போட்டிருக்கு. புதுசு ஒரு இஞ்ச் அகலம் கூட. அதாவது பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஈடி 2 கொறையறதால வெளிய 14.7, உள்ள 10.7 மி.மீ. தள்ளும். ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் நடுவுல அந்தப் பத்தே முக்கால் மில்லிமீட்டர் இருக்குதான்னு காரைத் தூக்கி, ஸ்டீரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பார்த்துட்டுத்தான் காசு குடுத்தேன். கடைல "அதெல்லாம் இடிக்காதுங்க"ன்னு சொல்றது அவங்க பழக்கம். அளவெடுக்கறது நம்ம வேலை.

வீலோட நடு ஓட்டை 73.1 மி.மீ. என் ஹப் 57.1. அந்த இடைவெளிய நிரப்பக் கூடவே குடுத்த பிளாஸ்டிக் ரிங்கை ஓரமா வெச்சுட்டு, நம்ம ஊரு லேத் பட்டறைல அலுமினியத்துல கடைஞ்சு வாங்கிட்டேன். போட்டில பிரேக் சூடாகறப்ப பிளாஸ்டிக்கு இளகிரும். போல்ட்டும் புதுசுதான் வாங்கணும்: கம்பெனி போல்ட்டோட தலை உருண்டையா உக்கார்ற மாதிரி இருக்கும், வெளிய வாங்கற அலாய்க்கு 60 டிகிரி கூம்பு வேணும். பழைய போல்ட்டையே போட்டா இறுகின மாதிரித் தெரியும், ஆனா ஒரு விளிம்புலதான் பிடிச்சிருக்கும்.


ஸ்விஃப்ட், சென்னை

தம்பி, எல்லாம் அளந்திருக்கிறீர்கள், எந்தத் தரையில் ஓட்டப் போகிறீர்கள் என்பதை மட்டும் எழுதவில்லையே. செட்டிபாளையம், இருங்காட்டுக்கோட்டை மாதிரி தார்த் தடம் என்றால் உங்கள் 7ஜே சரி. நம் நாட்டில் ஆட்டோகிராஸ் என்றால் பெரும்பாலும் மண் தரை. அங்கே இந்தக் கணக்கு முழுக்கத் தலைகீழாகும்.

உலக ராலி சாம்பியன்ஷிப் கார்களைப் பாருங்கள். தார்ச்சாலைக்கு 18 இஞ்ச், சரளை மண்ணுக்கு 15 இஞ்ச். பணம் இல்லாமலா சின்ன வீல் போடுகிறார்கள்? மண்ணில் டயரின் பக்கச் சுவர் உயரமாக இருக்க வேண்டும், கல்லையும் பள்ளத்தையும் அதுதான் வாங்கிக்கொள்ளும். அகல ரிம்மில் குட்டையான டயரை இழுத்து மாட்டினால் ரிம்மின் உதடு வெளியே துருத்தி நிற்கும், முதல் கல்லே அதில்தான் அடிக்கும்.

நான் மண்ணுக்கு இன்றைக்கும் இரும்பு ரிம்தான் வைத்திருக்கிறேன். கனம் அதிகம், அழகு சுத்தமாகக் கிடையாது. ஆனால் அடி வாங்கினால் வளையும், பட்டறையில் தட்டி எடுத்துக்கொள்ளலாம். மலிவான வார்ப்பு அலாய் அதே அடிக்கு விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் காற்று மெல்ல இறங்கும், நாம் பஞ்சர் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்போம்.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ரிம்மின் உட்புறக் குழியில் ஈர மண் அப்பிக் காய்ந்துவிடும். திரும்பி வரும்போது 80-ல் ஸ்டீரிங் உதறும். பேலன்ஸ் போய்விட்டது என்று டயர் கடைக்கு ஓடுவார்கள். ஒரு குச்சியால் மண்ணைச் சுரண்டிவிட்டால் போதும். அதனால் வலைப்பின்னல் மாதிரி நெருக்கமான கம்பிகள் உள்ள டிசைனை நான் வாங்க மாட்டேன். ஐந்தாறு கம்பி, நடுவில் கை நுழைகிற இடைவெளி. கழுவுகிறவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்.


புன்டோ, மதுரை

அண்ணே சொன்ன மண்ணு விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. நான் பிசிடி (போல்ட்டு ஓட்டைங்க நிக்கிற வட்டத்தோட விட்டம்) பத்திச் சொல்றேன், ஏன்னா ஃபியட் வச்சிருக்கவன் வேற எதைப் பத்திப் பேசுவான்?

ஸ்விஃப்ட், ஐ20, ஹோண்டா ஜாஸ் எல்லாத்துக்கும் 4-க்கு 100, அதாவது நாலு ஓட்டை, 100 மி.மீ. எங்களுக்கு 4-க்கு 98. ஃபோர்டு ஃபிகோன்னா 108, அது மாட்டவே மாட்டாது, பிரச்சினையும் இல்ல. இந்த 98-தான் வம்பு. ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்துல 100 வீலு உள்ள போயிரும். "ஏறிரும்ணே, இத்தனை பேருக்கு மாட்டிருக்கோம்"னு கடைல சொன்னாப்ல. ஏறத்தான் செய்யும். முத போல்ட்டு நேரா உக்காரும், மத்ததெல்லாம் ஓட்டைக்கு நடுவுல நிக்காம சாஞ்சு இறங்கும். இறுக்க இறுக்க போல்ட்டு லேசா வளையுது. சாதா ரோட்டுலயே அது தளரும். கோனைச் சுத்தி வளைஞ்சு நெளிஞ்சு திரும்புற ஓட்டத்துல கேக்கவே வேணாம். நான் வேணாம்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

கடைசில எடுத்தது லீனியாவோட கம்பெனி 15 இஞ்ச் அலாய், பழசு. அதே பிசிடி, அதே ஹப், ரிங்கு தேவையில்ல, 195/60 R15 அப்படியே ஏறும். பத்து பேரு திரும்பிப் பாக்க மாட்டாங்க. பரவால்ல.

டேப்பு வச்சு அளக்க: நாலு ஓட்டைன்னா எதிரெதிர் ஓட்டைக்கு நடுவுல இருந்து நடு வரைக்கும் அளந்தா அதான் பிசிடி. அஞ்சு ஓட்டைக்கு எதிர் ஓட்டை கிடையாது. பக்கத்துப் பக்கத்து ரெண்டு ஓட்டை தூரத்தை 1.701-ஆல பெருக்கணும். போலோக்காரருக்கு 58.8 மி.மீ. வரும், பெருக்கினா 100.


மியாட்டா என்டி, நியூ ஜெர்சி

இங்கே ஆட்டோகிராஸ் என்றால் பெரிய வாகன நிறுத்துமிடம், தார் அல்லது கான்கிரீட், நடுவில் ஆரஞ்சு நிறக் கூம்புகள். மண் என்கிற பேச்சே இல்லை. அதற்குப் பதிலாக விதிப் புத்தகம் இருக்கிறது. எஸ்சிசிஏ என்கிற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் ஸ்ட்ரீட் பிரிவில் ரிம்மின் அகலத்தைத் தொடக்கூடாது. விட்டத்தை ஓர் இஞ்ச் கூட்டலாம், குறைக்கலாம். ஆஃப்செட் (ஈடி) மாற்றம் 7 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டயரின் தேய்மான எண் (கூடினால் மெல்லத் தேயும்) 200-க்குக் குறையக் கூடாது.

என் மாஸ்டா மியாட்டா 17 இஞ்ச், 7 அகலத்தோடு வந்தது. விதி அகலத்தைப் பூட்டிவிட்டதால் நான் விளையாட மிச்சம் இருந்தது விட்டமும் எடையும்தான். 16-க்கு 7 எடுத்தேன், 205/50 R16 டயர். பெரிய வீல் போட்டால்தான் வேகம் என்று நினைக்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இங்கே ஜெயிக்கிறவர்கள் பலர் சின்ன வீலுக்கு இறங்குகிறார்கள்.

எடை விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு. காரின் உடம்பில் இருக்கும் ஒரு கிலோ முன்னே போனால் மட்டும் போதும். சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ முன்னேயும் போக வேண்டும், சுழலவும் வேண்டும். முழு எடையும் விளிம்பிலேயே இருந்தால் வேகமெடுக்க அது இரண்டு கிலோவுக்குச் சமம். ஆட்டோகிராஸில் ஓடுகிற நேரம் ஒரு நிமிடத்தை ஒட்டித்தான். அதற்குள் எத்தனை தடவை பிரேக், எத்தனை தடவை ஆக்சிலரேட்டர்! ஆனால் டயர்தான் மையத்திலிருந்து அதிகம் தள்ளி இருக்கிறது. ரிம்மில் ஒரு கிலோ குறைத்துவிட்டு, கனமான டயரை மாட்டி அதைத் திருப்பிக் கொடுப்பவர்களைப் பார்க்கிறேன்.

ஜப்பான் வீல்களை எல்லோரும் பேசுவதற்குக் காரணம் இதுதான். ரேஸ் என்கிற நிறுவனத்தின் டிஇ37, 1996-ல் வந்தது, அடித்து உருவாக்கியது, 15-க்கு 6 அளவில் 3.7 கிலோ. எங்கெய் நிறுவனத்தின் ஆர்பிஎஃப்1 வார்த்தது, ஆனால் விளிம்பை உருட்டி மெலிதாக்கியது. 15-க்கு 7 அளவில் நாலரை கிலோவுக்குள் வரும். சாதாரண வார்ப்பு வீல் அதே அளவில் ஏழு, எட்டு கிலோ இருக்கும்.

கோவை நண்பருக்கு ஒரு கேள்வி: போட்டிக்கு வேறு பிரிவு விதி எதுவும் உங்களைக் கட்டுப்படுத்தவில்லையா? வாங்குவதற்கு முன் அதைப் படித்துவிடுவது நல்லது.


டயர் கடை, சேலம்

நியூ ஜெர்சி சார் சொன்ன அந்த ரெண்டு வீலும் இங்க எல்லா ஊர்லயும் கெடைக்கும் சார், நகலா! அதே டிசைன், அதே எழுத்து, எடை மட்டும் ரெண்டு மடங்கு. நகல் வீல் எல்லாமே ஒடையும்னு நான் சொல்ல மாட்டேன், தெனமும் மாட்டித்தான் விடறேன். ஆபீஸுக்குப் போற காருக்கு ஓடும். எடை குறையும்னு நம்பி வாங்கறவங்களுக்குத்தான் ஏமாத்தம். வாங்கறதுக்கு முன்னால தராசுல வைக்கச் சொல்லுங்க. எந்தக் கடைலயும் ஒரு தராசு கெடைக்காமலா போகும்.

முத்திரையும் பாருங்க. ஜேடபிள்யூஎல்னு இருந்தா, ஜப்பான் தரத்துக்கு சோதிச்சோம்னு தயாரிச்சவங்களே சொல்றது. பக்கத்துல விஐஏ இருந்தா வெளியாள் ஒருத்தர் சரி பார்த்திருக்கார்னு அர்த்தம். நம்ம ஊர் வீலுக்கு ஐஎஸ்ஐ, ஐஎஸ் 9436. முத்திரையையும் அச்சுல போட்டு வார்க்கறவங்க இருக்காங்க, அதனால அதை மட்டும் நம்பாதீங்க. ஒரு வீல் எவ்வளவு பாரம் தாங்கும்னு கிலோக் கணக்குல பின்னாடி எழுதியிருக்கணும். அது இல்லாத வீலை நான் கைல எடுக்கறதில்ல.

செகண்ட்ஸ் வாங்கறவங்களுக்கு: டயர் போடாம வெறும் வீலை பேலன்சிங் மிஷின்ல மாட்டிச் சுத்தச் சொல்லுங்க. ஆட்டம் இருந்தா விளிம்புல கண்ணுக்கே தெரியும். புதுசா பெயின்ட் அடிச்சது பளபளன்னு இருந்தா உள்பக்கம் விரலால தடவிப் பாருங்க. வெல்டிங் வெச்ச இடம் மேடா தட்டும். வெல்டிங் வெச்ச வீல் போட்டிக் காருக்கு வேண்டவே வேண்டாம்.


ஸ்விஃப்ட், திருநெல்வேலி

எல்லாரும் 15, 15ன்னு சொல்லுதீங்க. நான் 17 போட்டவ. 205/45 R17, வெளிவிட்டம் கம்பெனி டயருக்குக் கிட்டத்தட்ட சமம்தான். காரைப் பார்க்கையில மனசு நிறையுது, அதுக்கு ஒரு விலை கிடையாதா? வார இறுதிக் காருன்னா அது ஆசைக்கு வச்சிருக்க காரு. நொடிக் கணக்கு பாக்கதுக்கு மட்டும் இல்லல்லா.

ஆனா இதையும் சொல்லணும். பள்ளத்தைப் பார்த்தா இப்பம்லாம் கை தானா ஒடிக்கி. போட்டிக்குன்னு பழைய 15 இஞ்ச் ரிம்மை விக்காம வச்சிருக்கேன், அதுல 195/55 போட்டிருக்கு. 185/65-ஐ விட 26 மி.மீ. குட்டை, கியர் நாலு சதவீதம் போல சுருங்கின மாதிரி. இரண்டாவது கியர்லயே தடம் முழுக்க இழுத்துக்கிடும். பின் சீட்டை மடக்கினா நாலு வீலும் உள்ள போயிரும், ஜாக்கியும் டார்க் ரெஞ்சும் (இறுக்கத்தை அளந்து முறுக்குத ஸ்பேனர்) சேர்த்து. ரெண்டு வேலைக்கும் ஒரே செட்டுன்னு யோசிச்சா ரெண்டும் அரைகுறையாத்தான் முடியும்னு எனக்குத் தோணுது. கோவைத் தம்பி, அந்த 6ஜே செட்டைக் குடுத்துராதீங்க. இன்சூரன்ஸ்காரங்ககிட்ட வீல் மாத்தினதை எழுதியும் குடுத்துருங்க. பில்லோட.

சேலம் அண்ணாச்சி, ஒரு சந்தேகம்: மண்ணுல ஓட்டினா பேலன்ஸ் ஈயம் தெறிச்சுப் போயிருதே?


டயர் கடை, சேலம்

ஒட்டற ஈயம்னா போகும்மா. ரிம்மை பெட்ரோலால நல்லா துடைச்சு, காயவிட்டு ஒட்டச் சொல்லுங்க. அவசரத்துல பிரேக் தூசு மேலயே ஒட்டறதுதான் பாதிக் காரணம். ஒட்டின மேல அலுமினிய டேப் ஒரு சுத்து அழுத்திட்டா நிக்கும். கொக்கி ஈயம் அலாய்ல அடிச்சா விளிம்பு பெயின்ட் உரிஞ்சு அரிக்கும், இரும்பு ரிம்முக்கு அது போதும்.

வீலை மாத்தி மாத்திப் போடறவங்க நட்டு, போல்ட்டை காத்து கன்னால இறுக்க விடாதீங்க. கன் மேலோட்டமா ஏத்தறதுக்கு மட்டும், கடைசி இறுக்கு டார்க் ரெஞ்ச்ல. போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர், ஸ்விஃப்டுக்கு உங்க மேனுவல்ல இருக்கற எண். அம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டினதும் வீல் ஆறினப்புறம் மறுபடி ஒரு தடவை வெச்சுப் பாருங்க. புது அலாய்ல அந்த ரெண்டாவது தடவை கொஞ்சமாவது திரும்பும்.