வட்ஸ்அப் அறிவித்தலில் எழுத்தைத் தடிப்பாக்குவது எப்படி?

உப்புவெளி இளைஞன்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் விளையாட்டுக் கழகம் நடத்தவிருக்கும் இரத்ததான முகாமுக்கான அறிவித்தலை வட்ஸ்அப் குழுவில் இட்டபோது, திகதி, நேரம், இடம் ஆகிய மூன்று வரிகளும் தடித்த எழுத்தில் தெரிய வேண்டுமென்று முதல் வரியின் தொடக்கத்தில் ஓர் உடுக்குறியும் (*) மூன்றாம் வரியின் முடிவில் இன்னோர் உடுக்குறியும் இட்டேன். எழுத்து தடிக்கவில்லை, குறிகள்தாம் அப்படியே நின்றன. குறிக்குப் பின் இடைவெளி விட்டு மறுபடி அனுப்பியபோது வரியின் முன்னால் ஒரு கரும்புள்ளி முளைத்துவிட்டது. கைபேசியில் கோளாறா, அல்லது தமிழுக்கு இந்த வசதி இல்லையா? இடத்தின் பெயருக்கு அடிக்கோடிடவும் வழி உண்டா?

நிலாவெளியான்:
வணக்கம் தம்பி. கைபேசியிலும் கோளாறில்லை, தமிழுக்கும் தடையில்லை. தடிப்பு ஒரு வரிக்குள்ளேயே தொடங்கி அந்த வரிக்குள்ளேயே முடிய வேண்டும் என்பதால், மூன்று வரிகளுக்கும் தனித்தனியே குறியிட வேண்டும். குறி எழுத்தோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது அடுத்த விதி. இப்படி:

*திகதி: சனிக்கிழமை*
*நேரம்: மு.ப. 9.00 மணி*

வரியின் தொடக்கத்தில் உடுக்குறியும் இடைவெளியும் வந்தால் அதனைப் பட்டியல் என்று செயலி எடுத்துக்கொள்ளும். கரும்புள்ளி வந்தது அதனால்தான். பட்டியல் வசதி 2024இல் சேர்க்கப்பட்டது. அதற்குச் சிறுகோடும் இடைவெளியும் இடுவது நல்லது, தடிப்புக் குறியோடு குழப்பம் வராது. குருதி கொடுப்போர் 18 முதல் 60 வயதுக்குட்பட்டவராகவும் குறைந்தது 50 கிலோகிராம் எடையுள்ளவராகவும் இருக்க வேண்டும், முன்னர் கொடுத்திருந்தால் நான்கு மாதங்கள் கழிந்திருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளை அவ்வாறு வரிவரியாகத் தரலாம்.

உவர்மலை வாசகி:
ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். வேற்றுமை உருபை மூடும் குறிக்கு வெளியே விட வேண்டாம். ‘சனிக்கிழமைக்கு’ என்றால் முழுச் சொல்லையும் குறிகளுக்குள் அடக்கிவிடுங்கள்; குறியை அடுத்து எழுத்து ஒட்டிக்கொண்டால் தடிப்பு வராமற் போகலாம்.

அடிக்கோட்டுக்கு வட்ஸ்அப்பில் வழியில்லை. கீழ்க்கோட்டுக் குறியை இருபுறமும் இட்டால் கிடைப்பது சாய்வெழுத்து. ஆங்கிலத்துக்கு அது அழகு, தமிழில் கொம்பும் சுழியும் சரிந்து விழுவதுபோல் தெரிகிறது. நான் அதனைத் தமிழுக்குப் பயன்படுத்துவதே இல்லை. நேரம் மாறினால் பழைய நேரத்தை அழிக்காமல் இருபுறமும் அலைக்குறி (~) இட்டுக் குறுக்கே கோடிட்டுக் காட்டி, பக்கத்தில் புதிய நேரத்தைத் தடிப்பாக எழுதுங்கள். மாறியது எது என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

உப்புவெளி இளைஞன்:
மிக்க நன்றி. மூன்று வரிகளும் இப்போது சரியாக வந்துவிட்டன. இதே அறிவித்தலை டெலிகிராம் குழுவிலும் குறுஞ்செய்தியிலும் அனுப்ப வேண்டியிருக்கிறது. அப்படியே ஒட்டலாமா?

நிலாவெளியான்:
ஒட்டலாம், ஆனால் குறிகளும் கூடவே வரும். டெலிகிராமில் தடிப்புக்கு இருபுறமும் இரண்டிரண்டு உடுக்குறிகள் வேண்டும். குறுஞ்செய்தியில் தடிப்பே கிடையாது, ஆகவே குறிகளை நீக்கிவிட்டு அனுப்புங்கள். தேசிய அடையாள அட்டையைக் கொண்டுவரும்படி சொல்லும் வரியை மட்டும் எல்லாவற்றிலும் முதலில் வையுங்கள். குறுஞ்செய்தியில் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான்.