மறு: ஐந்து பிள்ளைகளின் படிப்புச் செலவு (ஆம்புலன்ஸ் பேச்சு வேண்டாம்)

ரியாத், நர்சு லாத்தா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நின்றுபோன நம் ஊர்ச் சங்க ஆம்புலன்ஸ் பேச்சு இப்போது வேண்டாம். வீட்டில் படுத்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளப் படிக்கக் காத்திருக்கும் ஐந்து பிள்ளைகளின் செலவுக்காக எழுதுகிறேன்.

ஊருக்குப் போன சாச்சி, கிழக்குத் தெருப் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு அனுப்பிய படத்தைக் குழுவில் போட மனம் வரவில்லை. வாலெலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண். பார்த்துக்கொள்ள வைத்த பெண்ணைத் திட்டிப் பயனில்லை, அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காற்று மெத்தை வாங்கியாச்சு, இனிப் புரட்டிவிட வேண்டியதில்லை என்று வீட்டாரும் இருந்துவிட்டார்கள். மெத்தை ஓடினாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டத்தான் வேண்டும். முழுக்க ஒருக்களிக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்தால் இடுப்பெலும்பில் பாரம் ஏறாது. மூக்குக் குழாயில் கஞ்சி விடும்போது தலைமாடு 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். விட்ட பிறகும் அரைமணி முக்கால்மணி அப்படியே இருக்கணும், இல்லாவிட்டால் கஞ்சி நெஞ்சுக்குள் இறங்கும். மூத்திரப் பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும். அந்த வீட்டில் பை கட்டிலின் மேலே, காலுக்குப் பக்கத்தில் இருந்ததாம்.

அந்தப் பெண்ணிடம் சான்றிதழ் இருக்கிறது, "ஆறு மாத நர்சிங் டிப்ளமோ" என்று. அதை வைத்துத் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிய முடியாது. பதிவு இல்லாமல் கிராம சுகாதாரச் செவிலியர் வேலைக்கு விண்ணப்பமும் போட முடியாது. துணைச் செவிலியர் படிப்பு, அதான் ஏஎன்எம், இரண்டு வருடம். பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் போதும், ஆங்கிலம் தேறியிருக்க வேண்டும், வயது 17 நிறைந்திருக்க வேண்டும். நோயாளிப் பராமரிப்பு உதவியாளர் பயிற்சி வேறு. சில மாதம்தான், ஊசி போடும் உரிமை அதில் கிடையாது. ஆனால் மேலே சொன்ன வேலைக்கெல்லாம் அவர்கள்தான் சரியான ஆள். இரண்டையும் குழப்பித்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

ஏஎன்எம் இருவர், மூன்று வருடச் செவிலியர் பட்டயப் படிப்பான டிஜிஎன்எம்முக்கு ஒருவர், உதவியாளர் பயிற்சிக்கு இருவர், ஆக ஐந்து பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். பணம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

கல்லூரியைப் பார்க்கும்போது "அங்கீகாரம் உண்டு" என்ற பலகையை நம்பாதீர்கள். இந்திய செவிலியர் கவுன்சில் பட்டியலில் இந்த வருடம் பெயர் இருக்கிறதா, எத்தனை இடம் என்று பாருங்கள். அனுமதித்த இடத்துக்கு மேலே சேர்க்கப்பட்ட பிள்ளை, கட்டணமெல்லாம் கட்டி முடித்துவிட்டுப் பரீட்சைக்கு நுழைவுச்சீட்டு வராமல் நிற்கும். அசல் மார்க் ஷீட்டை "சரிபார்த்துத் தருகிறோம்" என்று வாங்கிக்கொண்டால், சரிபார்த்த கையோடு திரும்ப வாங்கிவிட வேண்டும். நடுவில் வேறு கல்லூரிக்கு மாற நினைத்தால் அந்த அசல்தான் கால்கட்டு.

சிங்கப்பூர் சாச்சா எழுதியது:

லாத்தா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பணக் கணக்கில்தான் இருக்கிறது.

வெளிநாட்டுப் பணம் வாங்க வேண்டிய எஃப்சிஆர்ஏ பதிவு நம் சங்கத்துக்கு இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வளைகுடாவில் இருந்தாலும் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது அந்நியப் பங்களிப்பு ஆகாது. நானும் பினாங்கு மாமாவும் குடியுரிமை மாறியவர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் எங்கள் பணம் அந்நியப் பணம்தான். ஊரில் மச்சான் கணக்குக்கு அனுப்பி அவர் சங்கத்துக்குக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று போன ரமளானில் ஒருவர் யோசனை சொன்னார். யாரென்று அவருக்கே தெரியும். எத்தனை கை மாறினாலும் மூலம் அந்நியம் என்றால் அந்நியம் என்று 2010-ஆம் வருடச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பதிவுள்ள வேறு அமைப்பு வாங்கி நமக்குக் கைமாற்றித் தரவும் 2020 திருத்தத்துக்குப் பிறகு வழியில்லை. பதிவு வாங்கினாலும் முதல் வரவு டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறக்கும் கணக்கில்தான் விழ வேண்டும்.

துபாய் மச்சானுக்கு: அறை அறையாகப் போய் நோட்டில் வசூல் செய்ய வேண்டாம். தனி ஆள் நன்கொடை திரட்டுவதை அமீரகத்தின் 2021 சட்டம் தடுக்கிறது. அவரவர் தன் பணத்தைத் தானே அனுப்பட்டும்.

நோட்டில் கட்டாயத் தர்மமான ஜகாத்துக்கு ஒரு பத்தி, விரும்பிக் கொடுக்கும் ஸதகாவுக்கு ஒரு பத்தி. ஜகாத் உரியவர் கைக்குச் சொந்தமாகச் சேர வேண்டிய பணம். அதைக் கடனாகக் கொடுத்துத் திருப்பி வாங்கக் கூடாது, வண்டி டீசலுக்கும் எடுக்கக் கூடாது. 2017 கணக்கில் இது இரண்டும் ஒரே பத்தியில் இருந்தது. நான் இன்னும் மறக்கவில்லை.

பினாங்கு மாமா எழுதியது:

சாச்சா, என் காசு அந்நியக் காசு என்று எழுதின கை, பள்ளிவாசல் மினாரா கட்டும்போது அதே காசை எண்ணி வாங்கின கைதானே. சட்டம் அப்போது எங்கே போயிருந்தது?

ஐந்து பிள்ளை படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சங்கத்தின் பேர் எங்கே தெரியும்? பக்கத்து ஊரான் கடற்கரைச் சாலையில் கல்வெட்டு வைத்திருக்கிறான். நமக்கு இருந்தது அந்த ஒரு வண்டி, அதையும் நிறுத்திவிட்டீர்கள். ஐந்தில் ஒரு பிள்ளை குப்பத்துப் பிள்ளையாமே, அதை லாத்தா ஏன் எழுதவில்லை? ஒரு காலத்தில் நாலு தெருவுக்கும் ஒரே மருத்துவச்சி. எந்தக் கவுன்சில் பதிந்தது அந்த அம்மாளை? நடுச்சாமத்தில் அரிக்கன் விளக்கோடு மணலில் நடந்து வருவாள், ஒரு குடம் பதநீரும் ஒரு சேலையும்தான் கூலி.

ஊரிலிருந்து, செயலாளர் தம்பி எழுதியது:

மாமா, வண்டி நின்றதற்குக் காரணம் வண்டியின் தகரம் இல்லை, ஆளும் பராமரிப்பும்தான். ஓட்டுநர் ஒருவரே இரவும் பகலும் ஓட முடியாது, குறைந்தது இரண்டு பேர் வேண்டும். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று, வாங்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை, நம்முடையதற்குத் தேதி எப்போதோ போய்விட்டது. பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் திறந்தால் இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கே 110 கிலோமீட்டருக்கு மேல். வழியில் அளவைப் பார்த்துக் குறைக்கத் தெரிந்த ஆள் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆள்தான் நம்மிடம் என்றைக்கும் இருந்ததில்லை. 108 இலவசம், 2008-லிருந்து ஓடுகிறது. 2022-லிருந்து ராமநாதபுரத்திலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நமக்குக் குறை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான்.

5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்த ஒரு செவிலியர் தடுப்பூசி, கர்ப்பிணி, பதிவேடு என்று எல்லாவற்றையும் பார்க்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். தினம் இரண்டு வேளை புண் கட்ட அவர்களால் வர முடியாது.

அரசாங்கம் கொடுப்பதை நாம் திரும்பக் கொடுக்க வேண்டாம். டிஜிஎன்எம் சேரும் பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவள் கணக்குக்கே வரும், கல்லூரி வழியாகப் பதிய வேண்டும். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு சரியாக இல்லாவிட்டால் பணம் நின்றுவிடும், அதை இப்போதே பார்த்துவிடலாம். உதவியாளர் பயிற்சிப் பிள்ளைகள் இருவரும் வறுமைக்கோட்டுப் பட்டியல் வீடுகள். கிராமத்துப் பிள்ளைகளுக்கான அரசுத் தொழிற்பயிற்சித் திட்டமான டிடியு-ஜிகேஒய் மையத்தில் கட்டணமே இல்லை. பெண்களுக்கு வயது வரம்பு 45 வரை தளர்வு இருப்பதால் புருஷனை இழந்த நம் வடக்குத் தெருத் தங்கச்சியும் சேரலாம்.

ரியாத், நர்சு லாத்தா எழுதியது:

மாமா, குப்பத்துப் பிள்ளை என்பதை மறைக்கவில்லை, எழுத வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அவள் நம் மார்க்கம் இல்லை என்பதால் செலவு ஜகாத்திலிருந்து அல்ல, ஸதகா பத்தியிலிருந்து போகும், சாச்சாவின் நோட்டும் அழுக்காகாது. அந்த மருத்துவச்சி எந்தக் குப்பத்திலிருந்து மணலில் நடந்து வந்தாள் என்று மாமியிடம் கேட்டுப் பாருங்கள்.

பணம் போகும் வழியைச் சொல்கிறேன். கட்டணம் பருவம் பருவமாகக் கல்லூரிக் கணக்குக்கே. ரசீது பிள்ளையின் பெயரில். ஒரே தடவையாகக் கட்டினால் சலுகை என்பார்கள், வேண்டாம், பிள்ளை நடுவில் நின்றால் திரும்ப வாங்குவது நடக்காது. உதவி வாங்கும் பிள்ளைகள் நிற்பது கட்டணத்தால் அல்ல, மெஸ் காசாலும் பஸ் காசாலும்தான். இரண்டாம் பருவத்தில் ஆஸ்பத்திரிப் போஸ்டிங் தொடங்கும். விடியற்காலை ஷிப்டுக்குப் பஸ் இருக்காது, ஷேர் ஆட்டோ பிடிக்கணும். ஆளுக்கு மாதம் 3,000 என்று இதற்கே தனியாக வைக்கக் கேட்கிறேன், பிள்ளையின் சொந்தக் கணக்கில், வாப்பா கணக்கில் வேண்டாம். இரண்டு செட் யூனிபார்ம், வெள்ளை ஷூ, ரெக்கார்டு நோட்டு, பரீட்சைக் கட்டணம் எல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கணும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். வார்டுக்குள் போன பிறகு தொடங்கினால் நோயாளியின் ஊசி கையில் தவறிக் குத்திய அன்றைக்கு உடம்பில் காப்பு இருக்காது.

படித்து முடித்து ஊரில் இத்தனை வருடம் இருக்கணும் என்று பத்திரம் எழுதி வாங்கும் யோசனைக்கு நான் ஒப்பமாட்டேன். கல்யாணம் ஆனால் பத்திரத்தை யார் போய் நீட்டுவது? ஜகாத் பெறாத பிள்ளைக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, ஊரில் வேலை பார்க்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிவிடலாம்.

ஒவ்வொருத்திக்கும் ஒரு பிரஷர் மிஷின் வாங்கித் தரும்போது பெரிய பட்டையும் சேர்த்து வாங்குங்கள். வலை இழுத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும்.

சாச்சா, இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் பட்டியலை நீங்களே போடுங்கள். யார் எந்தப் பிள்ளையின் முதல் பருவம் என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிய வேண்டும். தம்பி, வண்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்னும் நீ எழுதவில்லை. விற்றால் மூன்று பிள்ளைகளின் மெஸ் காசு.