ஸ்விட்ச் 2 வாங்கி ஒரு வாரம்: கொடுத்த பணத்துக்குத் தகுமா?

யோகொஹாமாவாசி:
2025 ஜூன் 5 அன்று வெளிவந்த நின்டெண்டோவின் புதிய வீடியோ கேம் கருவி ஸ்விட்ச் 2 என் கைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. கிடைத்ததே தனிக்கதை. இங்கே ஜப்பானில் நின்டெண்டோவின் சொந்த இணையக் கடை குலுக்கல் நடத்தியது. பழைய ஸ்விட்சில் 50 மணி நேரமாவது விளையாடியிருந்தால்தான் பெயரே கொடுக்கலாம். அப்படியும் சுமார் 22 லட்சம் பேர் கொடுத்தார்கள். எனக்கு அங்கே விழவில்லை. ஒரு மின்சாதனக் கடையின் குலுக்கலில் விழுந்தது.

திரை 6.2 அங்குலத்திலிருந்து 7.9 ஆகியிருக்கிறது. தடிமனோ 2017இல் வந்த முதல் ஸ்விட்சின் அதே 13.9 மில்லிமீட்டர். பையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் இது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. திரையின் இருபுறமும் மாட்டும் கைப்பிடிகளான ஜாய்கான்களை இனி தண்டவாளத்தில் செருக வேண்டாம். அருகே கொண்டுபோனாலே காந்தம் பற்றிக்கொள்கிறது. திரையைப் பிடித்துத் தூக்கி ஆட்டினேன், அசையவில்லை. மின்னேற்றும் துளை மேலேயும் ஒன்று இருப்பதால், மேசையில் நிறுத்தி வைத்துக்கொண்டே சார்ஜ் செய்யலாம்.

கார் பந்தய ஆட்டமான மாரியோ கார்ட் வேர்ல்டில் இப்போது 24 பேர் ஓட்டுகிறார்கள். நாக்அவுட் பந்தயத்தில் கட்டத்துக்கு நான்கு பேராகக் கழித்துக்கொண்டே வருவார்கள். நேற்று நான்காவது கட்டம் வரை தப்பினேன். என் வயதுக்கு அது சாதனைதான்.

பழையபேட்டரி:
தம்பி, காந்தத்தையும் மெலிவையும் பாடிவிட்டீர்கள். திரை எந்த வகை என்று சொல்லாமல் தாண்டிவிட்டீர்களே? 2021இலேயே கறுப்பை முழுக் கறுப்பாகக் காட்டும் ஓஎல்இடி திரையுடன் ஒரு ஸ்விட்ச் விற்றவர்கள், புதியதில் பின்னால் விளக்கெரியும் எல்சிடிக்குத் திரும்பியிருக்கிறார்கள். கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பலாகத் தெரியும் திரைக்கு, ஒளி இருளைத் துல்லியமாகக் காட்டும் எச்டிஆர் என்று பட்டம் வேறு.

விலையையும் பாருங்கள். முதல் ஸ்விட்ச் அமெரிக்காவில் 300 டாலருக்கு வந்தது; இது 450. மாரியோ கார்ட் மட்டும் தனியாக 80. கருவியின் புதுமைகளைச் சுற்றிக்காட்டும் வெல்கம் டூருக்கும் 10 டாலர். வீட்டை விற்றுவிட்டு, குழாய் எங்கே, விளக்குப் பொத்தான் எங்கே என்று காட்டக் கூலி கேட்கும் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

யோகொஹாமாவாசி:
வெல்கம் டூர் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, அண்ணா. அது பெட்டிக்குள் இலவசமாக வந்திருக்க வேண்டியது.

திரைக்கு வருவோம். வேகமாகப் பக்கவாட்டில் ஓடும் ஆட்டங்களில் உருவம் கொஞ்சம் இழுபடுவது உண்மை. ஆனால் 1080 வரிகள், நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை இது. நீங்கள் வைத்திருக்கும் இன்னொரு கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கின் ஓஎல்இடி 800 வரிகளும் 90 ஹெர்ட்ஸும்தானே? எடையும் 640 கிராம். இது ஜாய்கான்களோடு சேர்த்தே 534. படுத்துக்கொண்டு விளையாடுகையில் மூக்கில் விழுந்தால் அந்த நூறு கிராமின் அருமை தெரியும்.

அதைவிட, 2022இல் வந்த போகிமான் ஸ்கார்லெட் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். பழைய ஸ்விட்சில் தூரத்துக் காற்றாலை தவணை முறையில் சுற்றியது. அதே ஆட்டம், இலவச மேம்பாட்டுக்குப் பிறகு, இதில் நொடிக்கு 60 படச்சட்டங்கள் என வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கையில் இருக்கும் பழைய ஆட்டங்களுக்கே உயிர் வந்ததுபோல் இருக்கிறது. முதல் வாரத்தில் என்னை மிகவும் மகிழ்வித்தது எந்தப் புது ஆட்டமும் அல்ல, இதுதான்.

இரட்டையர்அப்பா:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்தியாவில் இது அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வரவில்லை. ஜப்பானில் 49,980 யென்னுக்கு ஒரு பதிப்பு இருப்பதாக அறிந்து, அலுவலக நண்பரிடம் வாங்கி வரச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். ஆர்வத்தில் மெமரி கார்டை முன்கூட்டியே வாங்கிவிட்டேன். "எல்லாக் கருவியிலும் வேலை செய்யும்" என்றார் கடைக்காரர்.

யோகொஹாமாவாசி:
வேண்டாம். அந்த 49,980 யென் பதிப்பில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும், ஜப்பான் கணக்கை மட்டுமே இணைக்க முடியும். பல மொழிகள் உள்ளதற்கு இங்கேயே 69,980 யென். நான் இந்த மொழியோடு எட்டு ஆண்டுகளாக மல்லுக்கட்டுவதால் விலை குறைந்ததை வாங்கினேன். உங்கள் பிள்ளைகள் முதல் பக்கத்திலேயே அழுதுவிடுவார்கள்.

கார்டின் மேல் மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்று அச்சிட்டிருக்கிறதா? இல்லையென்றால் அதில் ஆட்டங்களைச் சேமிக்க முடியாது. பழைய வகைக் கார்டிலிருந்து படங்களையும் வீடியோக்களையும் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இரட்டையர்அப்பா:
எக்ஸ்பிரஸ் என்ற சொல்லே அதில் இல்லை. பில்லைத் தேடுகிறேன்.

பழையபேட்டரி:
பார்த்தீர்களா, கருவி வருவதற்கு முன்பே செலவு வந்துவிட்டது. உள்ளே 256 ஜிபி இருக்கிறதே என்பார்கள். அதையும் சீக்கிரம் நிரப்ப வழி செய்து வைத்திருக்கிறார்கள்: கேம் கீ கார்டு. கடையில் பெட்டி வாங்குவீர்கள், உள்ளே கருவியில் செருகும் சிறு அட்டையான கேட்ரிட்ஜும் இருக்கும். ஆனால் அதில் ஆட்டம் இருக்காது, சாவி மட்டுமே. ஆட்டத்தை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இறக்கிய பிறகும் கார்டைச் செருகினால்தான் ஓடும். இரண்டு வகைத் தொல்லையும் ஒரே பெட்டியில்! 2023 மார்ச்சில் தங்கள் பழைய கருவிகளான 3டிஎஸ், வீ யூவின் இணையக் கடைகளில் விற்பனையை நிறுத்தியவர்கள்தானே இவர்கள்? சேவையகத்தை ஒருநாள் நிறுத்தினால் கையில் இருப்பது பிளாஸ்டிக் துண்டு.

யோகொஹாமாவாசி:
எல்லாமே அப்படி இல்லை. சைபர்பங்க் 2077 ஆட்டம் முழுவதும் 64 ஜிபி கேட்ரிட்ஜிலேயே வருகிறது. மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கு அதுவே சாட்சி. கீ கார்டையும் நண்பருக்குக் கொடுக்கலாம், விற்கலாம். இணையத்தில் வாங்கிய ஆட்டத்தை அப்படி விற்க முடியுமா?

பழையபேட்டரி:
மனமிருந்தால் செய்யலாம் என்று நீங்களே சொல்கிறீர்கள். என் குற்றச்சாட்டும் அதுதான். ஜாய்கானிலும் இதே கதை. பழையதில் விரலால் அசைக்கும் குச்சி தானாக நகரும் கோளாறு உலகறிந்தது. 2020இல் நின்டெண்டோ தலைவர் ஃபுருகாவாவே வருத்தம் தெரிவித்தார். இப்போது கருவிகளைப் பிரித்து ஆராயும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் பிரித்துப் பார்த்தால், உராய்ந்து தேயும் அதே வகைக் குச்சிகள்தான் உள்ளே இருக்கின்றன. பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண். அதிகாரபூர்வ விற்பனையே இல்லாத ஊரில் வாங்குகிறவர், கெட்டுப்போனால் யாரிடம் கொண்டுபோவார்?

யோகொஹாமாவாசி:
அந்தக் கேள்வி நியாயமானது. இந்தியாவில் இருந்திருந்தால் நானும் முதல் வாரத்தில் வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் "பழையதையே பெரிதாக்கி விற்கிறார்கள்" என்று பலர் சொல்வதை மட்டும் ஏற்க மாட்டேன். ஜாய்கானைப் பக்கவாட்டில் கிடத்தினால் மவுஸ் ஆகிவிடுகிறது. மேசைகூட வேண்டாம், தொடைமேல் கால்சட்டைத் துணியில் தேய்த்தே ஓட்டினேன்.

பழையபேட்டரி:
வேட்டியில் ஓடுமா?

யோகொஹாமாவாசி:
இங்கே வேட்டி கைவசம் இல்லை, அண்ணா. லுங்கியில் ஓடியது.

இரட்டையர்அப்பா:
கடைக்குப் போய்வந்தேன். பணம் திரும்பத் தர மாட்டார்களாம். மாற்றாக ஹெட்போன் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டேன். இரட்டையர்களுக்கு ஒரே ஒரு ஹெட்போன். வீட்டில் இப்போது அதற்கான நாக்அவுட் நடக்கிறது.