தொரையோட காடி போன்ல கெடச்ச லைன் இப்ப என் ஹேண்ட்போன்ல ஏன் கெடைக்கல?

பெரியகிராணி:
வணக்கம். நேத்து நம்ம பேராக் சுங்கை சிப்புட்டுலேருந்து லாசா போற ரோட்டுல காடி டயர் பஞ்சர். ஸ்பேர் டயர்லயும் காத்து இல்ல, அது என் தப்பு, விடுங்க. போன எடுத்து பாத்தா ரெண்டு கோடு நல்லா காட்டுது. மகனுக்கு அடிச்சா போகல, திரும்ப அடிச்சா போகல, மூனாவது தடவ ரிங் போய் அவன் "ஹலோ ஹலோ"ங்கறான், எனக்கு அவன் பேசறது கேக்குது, நான் பேசறது அவனுக்கு கேக்கல. ஒரு கீலோமீட்டர் நடந்து போய்தான் பேசனேன், இந்த வயசுல.

அப்ப ஞாபகம் வந்தது என்னன்னா, 1987ல நான் தோட்டத்துல சின்ன கிராணியா (கணக்குப்பிள்ளையா) இருந்தப்ப பெரிய தொரையோட (மேனேஜரோட) லேண்ட்ரோவர்ல ஆத்தூர் (ATUR) போன் இருந்தது. 1985ல மலேசியாவுல டெலிகோம் கொண்டு வந்த ஆத்தூர் 450, 010னு ஆரம்பிக்கிற நம்பர், பழைய ஆளுங்களுக்கு தெரியும். (எங்கம்மா கடைசி வரைக்கும் அது சேலத்துப் பக்கம் ஆத்தூர்லேருந்து வந்த சாமான்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தாங்க.) சீட்டுக்கு நடுவுல சுருட்டை ஒயரோட கைப்பிடி, பின்னாடி சீட்டுக்கு அடியில பிஸ்கட் டின் மாதிரி ஒரு பெட்டி, கூரை மேல நீட்டமா கம்பி. இதே ரோட்டுல, இதே வளைவுல நிப்பாட்டி ஈப்போவுக்கு பேசுவாரு. அப்ப எங்க இருந்தது இத்தன டவர்? நாப்பது வருஷத்துல நாம முன்னுக்கு வந்தமா பின்னுக்கு போனமா? காடியிலயே பொருத்தின போன்தான் காட்டுப் பக்கத்துக்கு சரின்னு நான் சொல்றேன். இல்லங்கறவங்க சொல்லுங்க.

போன்கடை_தம்பி:
ஐயா கோவிச்சிக்காதிங்க, நான் இல்லன்னு சொல்ற கட்சி 😀 தொரை பேசனது உங்களுக்கு ஞாபகம் இருக்கு, லைன் கெடைக்காம போன தூக்கி போட்டது ஞாபகம் இருக்குமா? அப்ப அந்த போன் வச்சிருந்தது தொரை, தவுக்கே (மொதலாளி), பெரிய காண்ட்ராக்டர் மட்டும்தான், லைன்ல கூட்டமே இல்ல. இப்ப பெரட்டுக்கு (காலைல பேர் கூப்பிடற எடத்துக்கு) வர்ற அத்தன பேர் கைலயும் போன், பாதி பேர் கைல ரெண்டு போன், அதுலயும் டிக்டோக் ஓடிக்கிட்டு இருக்கு. இன்னொன்னு, அது அனலாக், பேச்ச நம்பரா மாத்தாம அப்படியே அலையில அனுப்பும், ஸ்கேனர் (அலைவரிசை தேடற ரேடியோ) வச்சிருக்கறவன் தொரை பேசறத ஒட்டு கேக்கலாம். பழசுன்னா எல்லாமே தங்கமா தெரியும், அதான் விஷயம்.

டவர்_ஏறி:
பத்தொம்போது வருஷமா டவர் ஏறி ஆண்டெனா கட்டறேன், அதனால கொஞ்சம் நீட்டமா எழுதறேன் பொறுத்துக்கோங்க.

கிராணி ஐயா சொன்னதுல முக்கியமானது "அவன் பேசறது கேக்குது, நான் பேசறது கேக்கல". அந்த கோடு இருக்கே, அது டவர் பேசறது ஒங்க போனுக்கு எவ்வளவு கேக்குதுங்கறத மட்டும்தான் காட்டும். நீங்க பேசறது டவருக்கு கேக்குதாங்கறத அது காட்டவே காட்டாது. டவர் கோயில் குழாய் மாதிரி கத்துது, ஒங்க போன் கிசுகிசுன்னு பேசுது. ரெண்டு கோடு இருந்தும் லைன் போகலன்னா பெரும்பாலும் இதான் காரணம்.

எவ்வளவு கிசுகிசுன்னா, ஆத்தூர் வந்து என்எம்டி 450, நோர்வே சுவீடன் பக்கம் 1981ல ஆரம்பிச்ச சிஸ்டம், அதுல காடி செட்டு 15 வாட் வரைக்கும் அனுப்பும். இப்ப 4ஜி ஹேண்ட்போன் அதிகபட்சமா 0.2 வாட். எழுவத்தஞ்சு மடங்கு வித்தியாசம்! நடுவுல வந்த 2ஜில 900 பேண்ட் ஹேண்ட்போன் 2 வாட், காடிக்குன்னு செஞ்ச செட்டு 8 வாட். அந்த ரெண்டு தலைமுறையிலயும் காடி செட்டுதான் சத்தமா பேசுனது.

வாட்டு மட்டும் இல்ல. ஆண்டெனா காடிக்கு வெளில, கூரை உச்சியில, அடியில தகரம் பரந்து கெடக்கு, அந்த தகரமே ஆண்டெனாவுக்கு பாதி ஒடம்பு மாதிரி. நீங்க போன காதுல வச்சிக்கிட்டு காடிக்குள்ள ஒக்காந்தா தலை ஒரு பக்கம் மறைக்குது, சுத்தி இரும்பு. அதுல கண்ணாடிக்கு மெட்டல் கலந்த மலிவு டின்ட் வேற ஒட்டி வச்சிருப்பீங்க, அந்த டின்ட்டுலதான் டோல்ல காசு புடிக்கிற ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர் படிக்காம பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிக்கிறான். டோல்காரன திட்டுவீங்க, டின்ட்ட திட்ட மாட்டீங்க.

அப்புறம் 450 (மெகாஹெர்ட்ஸ்)ங்கற அலைவரிசை. நம்பர் எறங்க எறங்க தூரம் போகும், எலை தழையில கம்மியா மாட்டும். இப்ப 4ஜி 1800, 2100, 2600லதான் அதிகம் ஓடுது. மழை விட்ட பிறகு செம்பனை மட்டை முழுக்க தண்ணி, அது அப்படியே சிக்னல குடிச்சிரும். பால்மரம் அவ்வளவு மோசம் இல்ல, எலையும் சின்னது, வருஷத்துல ஒரு தடவ கொட்டிடுது. செம்பனைக்கு அதெல்லாம் கெடையாது, வருஷம் முழுக்க பச்சை. எங்க ஆளுங்க ரப்பர் அழிச்சி செம்பனை நட்ட எடத்துலெல்லாம் கவரேஜ் எறங்குனத சொல்லி சிரிப்போம்.

பெரியகிராணி:
பாத்தியா தம்பி. எழுவத்தஞ்சு மடங்கு.

போன்கடை_தம்பி:
டவர் அண்ணே வாட்டு கணக்கு சரி, ஆனா காது கணக்க விட்டுட்டிங்க. இப்ப உள்ள டவர் காது அப்ப உள்ளத விட எவ்வளவோ கூர்மை, கோடிங் எல்லாம் வேற, அதனாலதான் 0.2 வாட்டுல வீடியோ கால் போகுது. சும்மா வாட்ட வாட்டோட வச்சி பாத்தா எப்படி?

சரி, ஐயா ஆசைப்படி காடியிலயே போன் பொருத்திட்டோம்னு வைங்க. எத்தன வருஷம் ஓடும்? அமெரிக்காவுல காடியோடயே அனலாக் செட்டு வச்சி வித்தாங்க, ஒரு பட்டன அழுத்தினா ஆள் பேசும், அதுவும் இந்த காட்டுப் பக்கம் நல்லா எடுக்கும்னுதான் ஜனங்க வாங்குனது. 2008 பிப்ரவரில அனலாக் நெட்வர்க்க மூட வழி விட்டாங்க, காடி நல்லா ஓடிக்கிட்டு இருக்கு, உள்ள இருக்கற போன் பொணம். இங்க 3ஜிய 2021 கடைசில மூடல? ஹேண்ட்போன்னா தூக்கிப் போட்டு வேற வாங்கலாம். காடிய தூக்கி போடுவீங்களா? நம்ம ஆளுங்க காடிய இருவது வருஷம் ஓட்டுவாங்க, எங்கப்பா இன்னும் பழைய புரோட்டான் சாகா காடி ஓட்றாரு.

டிரெசர்_அக்கா:
நான் தோட்டத்து கிளினிக்ல வேல செய்றவ, எனக்கு வாட்டு தெரியாது, நடந்தத சொல்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்ன குலை வெட்டற ஆள் ஒருத்தர் தோள்ல மட்டை விழுந்து எலும்பு ஒடஞ்சி போச்சி. சம்பவம் நடந்தது உள் பக்கம், ராத்திரி மழையில செம்மண் ரோடு கொழகொழன்னு ஆயி வேன் சாக்கடை பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்னுருச்சி. வேன்ல தொரை போன் மாதிரி எத்தன வாட்டு போன் இருந்தா என்ன, அடிபட்டவர் இருந்த எடத்துலேருந்து வேனுக்கு அர மணி நேரம் நடக்கணும்.

மண்டோர்தான் (கங்காணி) பக்கத்து மேட்டு மேல ஏறி ஹேண்ட்போன்ல 999 அடிச்சாரு. அவரு கம்பெனி சிக்னல் அங்க சுத்தமா இல்ல, ஆனா போய்ருச்சி. ஏன்னு அப்புறம்தான் ஒருத்தர் சொன்னாரு, அவசர நம்பருக்கு மட்டும் வேற கம்பெனி டவர் இருந்தாலும் எடுத்துக்கும்னு. போன்ல "எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி"ன்னு வந்தா சிக்னல் இல்லன்னு பாக்கெட்டுல போட்றாதிங்க, அது 999 போகும்னு சொல்ற அடையாளம். இத எங்க தோட்டத்துல பெரட்டுல சொல்ல வச்சிட்டேன். ஆளோட போற போன்தான் போன். காடியோட போறது காடி சாமான்.

பெரியகிராணி:
தங்கச்சி நீ சொல்றது வாஸ்தவம், ஆனா ஒன்னு கேக்கறேன். மண்டோர் மேட்டுக்கு ஏறுனாருல்ல, ஏன் ஏறுனாரு? நின்ன எடத்துல கெடைக்கல. அதத்தான் நானும் சொல்றேன். தொரை லேண்ட்ரோவர் மேட்ட தேடி போகல, கூரைக் கம்பியே மேடா இருந்தது. அப்புறம் 999 எடுத்துக்கிச்சி சரி, அடிபட்டவரோட சம்சாரத்துக்கு யார் போன் போட்டா? அதுக்கு ஒன் கம்பெனி டவர்தான் வேணும்.

டிரெசர்_அக்கா:
சம்சாரத்துக்கு நான் நேர்ல போய் சொன்னேன் அண்ணே. லயத்துக்கு மோட்டர்ல பத்து நிமிஷம். அதெல்லாம் போன்ல சொல்ற விஷயம் இல்ல.

லோரிக்காரன்_கிரிக்:
நடுவுல வரேன். நான் கிரிக் ஜெலி ரோட்டுல லோரி ஓட்றவன், 1982ல தெறந்த ரோடு, ராத்திரில யானை நிக்கும், லைன் நிக்காது 🤣 இங்க நெறைய பேர் "என் காடியில போன் இருக்கு"ங்கறாங்க, கேட்டா ப்ளூடூத். ப்ளூடூத் வந்து மைக்கும் ஸ்பீக்கரும்தான் பாஸ், சிக்னல் புடிக்கிறது அப்பவும் ஒங்க சட்டப் பாக்கெட்டுல உள்ள போன்தான். ஸ்டியரிங்ல பட்டன் இருந்தா ஒடனே லைன் கூடிடாது. போலீஸ்ல 300 வெள்ளி (ரிங்கிட்) சம்மன் வராம தப்பிக்கலாம், அவ்வளவுதான்.

உண்மையான காடி போன் கடைசியா நான் பாத்தது என் மச்சான் வாங்குன செகண்ட்ஹேண்ட் ஜெர்மன் காடியில. அதுல சிம் ஆக்சஸ் ப்ரொஃபைல்னு ஒன்னு. ஒங்க போனோட சிம் வெவரத்த காடி வாங்கிக்கும், ஒங்க போனோட ரேடியோ தூங்கிடும், காடிக்குள்ள இருக்கற செட்டு கூரை மேல உள்ள சுறா துடுப்பு மாதிரி ஆண்டெனாவ வச்சி பேசும். அவன் நோக்கியா வச்சிருந்த வரைக்கும் நான் கத்திக்கிட்டு இருக்கற எடத்துல அவன் சாவகாசமா பேசிக்கிட்டு வருவான். அப்புறம் ஐபோன் வாங்குனான், ஐபோன்ல அந்த வசதியே கெடையாது. முடிஞ்சது கதை. காடி மேல துடுப்பு இருக்கு, கீழ நீந்தறதுக்கு மீன் இல்ல.

போன்கடை_தம்பி:
அதான் நானும் சொன்னேன், காடி நிக்கும், டெக்னிக் போயிடும். அண்ணே இதுக்கெல்லாம் ஏன் கஷ்டம், ஒன்லைன்ல சிக்னல பெருசாக்கற பூஸ்டர் விக்கிறான், ஆண்டெனா கூரையில ஒன்னு உள்ள ஒன்னு, நம்ம கஸ்டமர் ரெண்டு பேர் கேட்டாங்க, வாங்கி வைக்கலாமான்னு பாக்கறேன்

டவர்_ஏறி:
தம்பி வேணாம். சொல்றத கேளு. தொலைத்தொடர்ப கவனிக்கற அரசாங்க ஆணையம் எம்சிஎம்சி, அதோட அனுமதி இல்லாம பூஸ்டர் போட்றது சட்டப்படி குத்தம், அத விடு, நீ போட்ற மலிவு பூஸ்டர் ஒன் சத்தத்த மட்டும் பெருசாக்காது, இரைச்சலையும் சேத்து பெருசாக்கி டவர் காதுல ஊதும். ஒரு தாமான் (குடியிருப்பு) முழுக்க லைன் படுத்துருச்சின்னு எங்கள ராத்திரில அனுப்பி, நாங்க ஆண்டெனா புடிச்சிக்கிட்டு தெருத்தெருவா சுத்தி, கடைசில ஒரு வீட்டு மாடில இந்த பொட்டிய கண்டுபுடிச்சிருக்கோம். வீட்டுக்காரர் தே தண்ணி கொடுத்தாரு, பாவம், அவருக்கு தெரியாது. கடையில வச்சி விக்காத.

வேணும்னா ஒரு இனாம் வேல சொல்றேன். ஆண்ட்ராய்டுனா செட்டிங்ல போய் நெட்வர்க்க 2ஜி மட்டும்னு மாத்தி பாருங்க, 2ஜி இன்னும் ஓடற எடத்துல. 900 பேண்ட், 2 வாட், எட்டுல ஒரு பங்கு நேரம்தான் அனுப்பும், இருந்தாலும் 0.2ஐ விட டவருக்கு எட்டும். பேசி முடிச்சதும் திரும்ப மாத்துங்க, இல்ல மறுநாள் வாட்சாப் வரலன்னு டெல்கோவ திட்டுவீங்க. முப்பத்தஞ்சு கீலோமீட்டருக்கு மேல இருந்தா சாதாரண 2ஜி டவர் ஒங்கள சேத்துக்காது, சிக்னல் போயிட்டு வர்ற நேரக் கணக்கு அதுக்கு மேல அதுல இல்ல. கிராணி ஐயாவோட ஆத்தூருக்கு அந்த கட்டுப்பாடு கெடையாது, ஒத்துக்கறேன். அனலாக்ல தூரம் போகப் போக இரைச்சல் கூடும், ஆனா பேச்சு புரியும். டிஜிட்டல்ல நல்லா இருக்கும் நல்லா இருக்கும், பொசுக்குன்னு அறுந்துரும்.

லோரிக்காரன்_கிரிக்:
நான் செஞ்சத சொல்றேன். சிம் போட்ற 4ஜி மோடம், வெளி ஆண்டெனா மாட்ற ரெண்டு ஓட்டை உள்ளதா பாத்து வாங்கி, லோரி தல மேல காந்த அடி வச்ச ஆண்டெனா ரெண்ட ஒட்டிட்டேன். மோடம் டேஷ்போர்டுல. என் போன் அதோட வைஃபையில இருக்கும், கால் வாட்சாப்புலயோ வைஃபை காலிங்லயோ போகும். மோடமும் 0.2 வாட்தான், ஆனா ஆண்டெனா இரும்புக்கு வெளில, லோரி உச்சியில இருக்குல்ல. ஜெலி வரைக்கும் கெடைக்குமான்னா கெடைக்காது, டவரே இல்லாத எடத்துல எவனும் ஒன்னும் பண்ண முடியாது. ஆனா அந்த ரோட்டுல பண்டிங் தாண்டி முன்ன அறுந்து போற சில வளைவுல இப்ப அறுக்கறது இல்ல.

டவர்_ஏறி:
இது சரியான வேல. பூஸ்டர் இல்ல, அதனால பிரச்சனையும் இல்ல. ஒன்னே ஒன்னு, ஒயர் நீளத்த பாத்துக்கோங்க. அந்த காந்த ஆண்டெனாவோட வர்ற மெல்லிசு ஒயர் அஞ்சு மீட்டர் இருந்தா 1800ல பாதிக்கு மேல ஒயர்லயே கரைஞ்சிடும், அப்புறம் கூரைக்கு ஏத்தி என்ன புண்ணியம். மீதி ஒயர சுருட்டி சீட்டுக்கு அடியில போட்றாதிங்க, குட்டை ஒயரா வாங்குங்க.

பெரியகிராணி:
கூரையில கம்பி, உள்ள பொட்டி, காடி கரண்டுல ஓடுது, காடிய அணைச்சா போன் இல்ல. அப்ப இது தொரையோட ஆத்தூர்தானே, பேர் மட்டும் மோடம். தம்பி இப்ப என்ன சொல்ற?

போன்கடை_தம்பி:
ஐயா மோடத்த கழட்டி பாக்கெட்டுல போட்டுக்கிட்டு மேட்டு மேல ஏறலாம். தொரையோட பொட்டிய தூக்கிட்டு ஏறுங்க பாப்போம் 😀

பெரியகிராணி:
சரிடா சரிடா. அந்த காந்தம் என் மைவி காடி கூரையில நிக்குமா? ஓட்டை போட்றதா இருந்தா வேணாம், வீட்டம்மா என்ன காடியோட சேத்து வெளியில நிப்பாட்டிடும்.

போன்கடை_தம்பி:
நிக்கும் ஐயா, இரும்பு கூரைதான். ஓட்டை வேணாம், ஒயர பின் கதவு ரப்பர்ல நுழைச்சிடலாம். சனிக்கிழமை மத்தியானம் கொண்டாங்க. மோடம் என்கிட்ட இருக்கு, குட்டை ஒயர் ஈப்போவுலேருந்து எடுக்கணும்.

டிரெசர்_அக்கா:
அப்படியே ஸ்பேர் டயருக்கு காத்து அடிச்சிட்டு வாங்க அண்ணே.